பதர்பூர் வரைக்கும் பெட்ரோல்

இடது பக்க இருக்கையிலிருந்து என் மடிக்குக் குறுக்கே சாய்ந்து, என் கணவர் பெட்ரோல் முள்ளின் கண்ணாடியை விரலால் தட்டினார். ஒரு தட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தட்டு. முள் அசைந்து கொடுக்கவில்லை. சிவப்புக் கோட்டுக்குச் சற்று மேலே, பள்ளிக்கூடம் போக மனமில்லாத பிள்ளை மாதிரி சாய்ந்து கிடந்தது.

"பதினெட்டு கிலோமீட்டர் போவும்," என்றார். "ரொம்பப் பதமா ஓட்டினா இருபது."

"பதர்பூர் தாண்டி முதல் பங்க் எவ்வளவு தூரம்?"

"இருபத்திரண்டு."

"அப்பம் போதாதுங்கிய."

"அதைத்தான சொல்லுதேன். கிரிராஜுக்குப் போனைப் போடு. கேன்ல பெட்ரோல் கொண்டாந்து அவனே ஓட்டிட்டுப் போவட்டும்."

சாவி என் கையில் இருந்தது. மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை அது. சரியாக விடியவில்லை. ராத்திரி பெய்த மழையில் நனைந்த டெல்லி ஆர்.கே. புரத்து வேப்பமரங்கள் காரின் கூரைமேல் சொட்டிக்கொண்டிருந்தன. கண்ணாடிக்கு வெளியே எல்லாமே தண்ணீருக்கு அடியில் இருப்பது போல நீலமாகத் தெரிந்தது. காருக்குள் பழைய ரெக்சின் வாசனையும் அவர் தலையின் தேங்காய் எண்ணெய் வாசனையும்.

கிரிராஜ் அவருடைய பழைய ஆபீஸில் டிரைவராக இருந்தவன். மதுரா போகும் வழியில், கோசிக்குப் பக்கத்தில் அவனுக்குக் கிராமம். எங்கள் காரை அவன்தான் வாங்கிக்கொள்வதாக இருந்தது. அவன் இங்கே வந்து எடுத்துப் போய்விட்டால், நான் ஒரு நாள்கூட ஓட்டாமலே அந்தக் கார் எங்கள் வீட்டை விட்டுப் போயிருக்கும். அறுபது வயதில் எனக்கு மிச்சமிருந்த ஆசை அதுதான். கேட்டால் சிரிப்பீர்கள். எனக்கு அன்று சாவியைக் கொடுக்க மனம் வரவில்லை.

கொடுத்து வைத்தவள்

நர்ஸாக இருந்த என் நைட் டியூட்டிக் காலத்தைப் பற்றி இந்தப் பத்தியில் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி எழுதியிருந்தார். 'வீட்டுக்காரர் தினமும் காரில் கொண்டு விட்டாரா? கொடுத்து வைத்தவர் நீங்கள்.'

கொடுத்து வைத்தவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்த காலம் முழுக்க ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டு விட்டார், அழைத்தும் வந்தார். டிசம்பர் மூடுபனியில் மஃப்ளருக்குள் மூக்கு மட்டும் தெரிய, கார் ஓரத்தில் நின்றுகொண்டிருப்பார். அந்த மூக்கைப் பார்த்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருக்கும்.

ஆனால் டியூட்டி தவிர வேறு எங்கே கூப்பிட்டாலும் ஒரே பதில்தான்.

லோதி தோட்டத்துக்குப் போவமா? "பெட்ரோல் கம்மியா இருக்கே." ஃபரீதாபாத்தில் என் சித்தி மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறதே? "பெட்ரோல் போட்டுட்டுப் போவம்." கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் கோல் மார்க்கெட்டில் கேக் வாங்கவேண்டுமே? "முள்ளைப் பாத்தியா?"

நான் முள்ளைப் பார்ப்பேன். பாதி டேங்க் இருக்கும்.

என் கணவர் தேவராஜ் ஓர் அமைச்சகத்தின் பட்ஜெட் பிரிவில் வேலை பார்த்தவர். கையில் இருப்பதைக் கொஞ்சம் குறைத்துச் சொன்னால்தான் அடுத்த வருஷத்துக்குக் கேட்டது கிடைக்கும் என்பது அங்கே பாலபாடம். அந்தப் பாடத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைத்ததே இல்லை. முப்பது வருஷம் எஸ்டிமேட் போட்டவருக்குப் பாதி டேங்க் உண்மையாகவே காலி மாதிரிதான் தெரிந்திருக்கும்.

மகள் பள்ளியில் படித்த நாள்களில், கிட்வாய் நகர் மார்க்கெட்டில் ஒரு சர்தார்ஜி நடத்திய டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினேன். வீட்டில் வந்து காட்டினேன். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆபீஸில் லட்டு வாங்கிக் கொடுத்தாராம். "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டா?" என்றேன். பெட்ரோல் கம்மியாக இருந்தது.

அந்த லைசென்ஸைத் தவறாமல் புதுப்பித்தேன். ஊருக்குப் போகும்போது ரயிலில் டி.டி.இ.யிடம் அடையாள அட்டையாகக் காட்டுவேன். அவர்கள் போட்டோவைப் பார்த்து, என்னைப் பார்த்து, தலையாட்டுவார்கள். அது ஓட்டிய வண்டி அந்த ரயில் மட்டும்தான்.

உத்தரவும் அமலும்

டெல்லியில் வயதான வண்டிகளுக்கு இனி பங்கில் பெட்ரோல் கிடையாது என்று உத்தரவு வந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். பெட்ரோல் வண்டி என்றால் பதினைந்து வயது. எங்கள் சின்ன வெள்ளைக் கார் அதைத் தாண்டி மாதங்கள் ஆகியிருந்தன. இனி டெல்லி எல்லையான பதர்பூரைத் தாண்டிப் போனால்தான் அதற்குப் பெட்ரோல்.

உத்தரவு நடைமுறைக்கு வரும் நாளை எல்லாப் பேப்பரிலும் போட்டிருந்தார்கள். பக்கத்து பிளாக் சக்சேனா முந்தின சாயங்காலமே டேங்க்கைக் கழுத்துவரை நிரப்பிக்கொண்டு வந்தார். நான் இவரைக் கிளப்பப் பார்த்தேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"எஸ்தரு, நான் கவர்மெண்ட்ல வேல பாத்தவன். ஆர்டர்ல ஒண்ணாந்தேதின்னு இருந்தா, அது கீழ வந்து சேர ஆறு மாசம் ஆவும். முதல்ல சர்க்குலர் வரணும். அப்புறம் அதுக்கு ஒரு விளக்கம் வரணும்."

நிதானமாக, இரண்டு நாள் கழித்து, நடைப்பயிற்சி போகிறவர் மாதிரி பங்குக்குப் போனார். நானும் கூட இருந்தேன். பங்க்காரன் நம்பர் பிளேட்டைப் பார்த்தான். தூணில் புதிதாக மாட்டியிருந்த கேமராவைக் கை காட்டினான். குழாயைத் திரும்பவும் அதன் இடத்தில் மாட்டினான்.

"அங்கிள்ஜி, காடி கி உமர் ஹோ கயி," என்றான். வண்டிக்கு வயதாகிவிட்டதாம். மரியாதையாகத்தான் சொன்னான். இவர் அதைத் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

அவருக்கு நியாயம் செய்ய இதையும் சொல்லவேண்டும். நாங்கள் கிளம்பிப் போன ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த வாரமே அந்த உத்தரவைத் தள்ளி வைத்துவிட்டார்கள். ஆகமொத்தம் அவர் அரசாங்கத்தைச் சரியாகத்தான் புரிந்துவைத்திருந்தார். ஆனால் அதற்குள் எங்கள் கதை வேறு எங்கோ போய்விட்டது.

ஒற்றைச் செருப்பு

அன்று பங்குக்குள் நுழையும்போது, அங்கே வைத்திருந்த ஆரஞ்சு நிறக் கூம்பை எங்கள் கார் இடித்துத் தள்ளியது. பிரேக்கை அவர் தாமதமாக மிதித்தார். "ரோடு ஈரம்," என்றார். ரோடு காய்ந்துதான் கிடந்தது.

காரணம் ரோடு இல்லை. எனக்கு முன்பே தெரியும்.

போன குளிர்காலத்தில் ஒரு நாள், காய்கறிப் பையோடு மாடியேறி வந்தவரின் வலது காலில் செருப்பு இல்லை. அது முதல் படியிலேயே கழன்று கிடந்தது. இரண்டு மாடி ஏறியும் அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைப் பார்த்தவளுக்கு அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

அன்று மத்தியானம் அவர் கண்ணயர்ந்திருந்தபோது, பஞ்சைத் திரித்து அவர் உள்ளங்காலில் மெல்ல இழுத்தேன். கல்யாணமான புதிதில் அந்த இடத்தில் விரல் பட்டால் கட்டிலிலிருந்து துள்ளி விழுகிற ஆள். பஞ்சு குதிகாலிலிருந்து பெருவிரல்வரை போயிற்று. கால் அப்படியே கிடந்தது. பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

சர்க்கரையில் கால் நரம்பு மரத்துப்போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னார், மாத்திரை கொடுத்தார். கார் ஓட்டவேண்டாம் என்றும் சொன்னார். இவர் தலையாட்டிவிட்டு ஓட்டிக்கொண்டுதான் இருந்தார். "எல்லாம் தெரியுதுலா, தெரியுது," என்பார். நானும் எவ்வளவு நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பது? அவர் காலையில் நடக்கப் போகும் நேரத்தில், பக்கத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் மறுபடி சேர்ந்து, வாரக்கணக்கில் ஓட்டிப் பழகினேன். சொல்லிவிட்டுத்தான் போனேன். "அச்சா," என்றார். அவ்வளவுதான்.

பங்கில் திருப்பி அனுப்பிய அன்று சாயங்காலம் கிரிராஜிடம் பேசிக் காரை முடிவு செய்தார். வண்டியை அவன் மாநிலத்துக்கு மாற்றும் அனுமதிக்கும் விண்ணப்பித்தாயிற்று. "நானே வந்து எடுத்துக்கிறேன் சாப்," என்றான் கிரிராஜ்.

"வேண்டாம். நான் ஓட்டிட்டு வாரேன்னு சொல்லுங்க," என்றேன் நான்.

பெங்களூரில் இருக்கும் மகள் பிரியாவிடம் பஞ்சாயத்து போனது. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் கொஞ்சம் தடுமாறும். "அப்பா, டாக்டர் மனா பண்ணாருல்ல, ஓட்டக் கூடாதுன்னு? அம்மா ட்ரைவ் பண்ணட்டும். அதுல என்ன ப்ராப்ளம்?"

"பெட்ரோல் கம்மியா இருக்கு," என்றார் அவர் அப்பா. முதல் தடவையாக அது உண்மையாக இருந்தது.

மூல்சந்தில் ஒரு சிலிண்டர்

முள்ளைப் பார்ப்பதில் எனக்கும் கொஞ்சம் அனுபவம் உண்டு.

ரொம்ப வருஷத்துக்கு முன்பு, சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்தபோது, மூச்சுத் திணறல் வந்த ஒரு பெரியவரை ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றவேண்டியிருந்தது. கூட நான், அவருடைய மகன், ஒரே ஓர் ஆக்சிஜன் சிலிண்டர். வழக்கமாகப் போய்ச் சேர்வதற்கு அது தாராளம். அன்று மூல்சந்தில் தண்ணீர் தேங்கி ரிங் ரோடே நின்றுவிட்டது.

"சிஸ்டர், கித்னா சலேகா?" என்று மகன் கேட்டான். எவ்வளவு நேரம் வரும் என்று.

"பஹுத் ஹை," என்றேன். நிறைய இருக்கிறது. மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவை முள்ளைப் பார்க்கும்போதும் அது இறங்கியிருந்தது. பயத்தில் நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்ததில், பெரியவர் தலை சரிந்து மூச்சு தடைப்படுவதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன். தலையை நிமிர்த்திப் பிடித்தேன். நகத்தின் நிறம் திரும்பியது. அதற்குப் பிறகு முள்ளின் பக்கம் நான் திரும்பவே இல்லை. அவர் நெஞ்சையும் நகத்தையும் மட்டுமே பார்த்துக்கொண்டு போனேன். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தோம்.

அந்த மகனிடம் நான் நிறைய இருப்பதாகச் சொன்னேன். இவரோ வாழ்நாள் முழுக்கக் குறைவாக இருப்பதாகச் சொன்னார். இரண்டு பேரும் பயத்தில்தான் சொன்னோம் என்று இப்போது தோன்றுகிறது.

நாவல்பழச் சாலை

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

"போவம்," என்றேன்.

"பதினெட்டுதான்னு சொன்னேனே."

"நின்னா நிக்கட்டும். அங்கருந்து கிரிராஜைக் கூப்பிடுவம்."

கார் புறப்பட்டது. ஏ.சி. போடக்கூடாது என்றார். போடவில்லை. ஜன்னல்களை இறக்கிவிட்டோம். மோதி பாக் பக்கம் வரும்போது ரோட்டோரம் முழுக்க நாவல்பழம் உதிர்ந்து கறுத்துக் கிடந்தது. சக்கரம் ஏற ஏறச் சத்தம் கேட்டது. அந்தத் துவர்ப்பு வாசனை காருக்குள் வந்து தங்கிவிட்டது. ஒரு பெண் துப்பட்டாவை விரித்துப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சிக்னல்கள் எல்லாம் மஞ்சளாகக் கண் சிமிட்டின. டெல்லியை இவ்வளவு காலியாக நான் பார்த்ததில்லை. யாரோ எனக்காக ஒதுக்கி வைத்தது போல இருந்தது.

என் கைகளில் வியர்வை. ஆனால் பயமில்லை. எப்படிச் சொல்வது, கனவில் ஓட்டத் தெரியாத வண்டியை நாம் ஓட்டுவோமே, அப்படி ஓட்டினேன்.

அவர் மட்டும் கனவில் இல்லை. "நாலாவது கியர் போடு. ஆக்சிலேட்டரை அமுக்காத, சும்மா தொட்டுக்கிட்டு இரு. அந்த பஸ்ஸுக்கு ஏன் பிரேக் போடுத? தூரத்துலயே காலை எடுத்தா அதுவா நிக்கும்லா." பேசப் பேச அவருடைய வலது கால் தரை மிதியடியை மிதித்துக்கொண்டே வந்தது. நான் பிரேக் போடுவதற்கு முன்னால் அவர் போட்டார். அந்தக் காலுக்குத் தரை இருப்பது தெரிகிறதா என்று நினைத்துக்கொண்டேன்.

கிட்வாய் நகரைத் தாண்டினோம். எங்கள் பழைய குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் கோபுரம் கோபுரமாகக் கட்டடங்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிலோமீட்டர் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏழு போச்சு."

ஆஷ்ரம் சந்திப்பில் மதுரா ரோட்டுக்குத் திரும்பினேன். இடது கைப் பக்கம் மேகத்துக்கு ஓர் ஓரம் மட்டும் வெளுத்திருந்தது. மெட்ரோ தூண்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. சரிதா விஹார் வரும்போது, "பதினஞ்சு," என்றார். அதற்குப் பிறகு எண் சொல்வதை நிறுத்திவிட்டார்.

பதர்பூர் மேம்பாலம்

பதர்பூர் மேம்பாலம் நீளமானது. ஏறத் தொடங்கியதும் முள் கீழே விழுந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"இன்னும் எவ்வளவு போவும்?" என்று கேட்டேன்.

நான் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. பக்கத்தில் ஒரு லாரி முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது.

"ஏங்க, உங்களைத்தான். எவ்வளவு போவும்?"

"தெரியலை, எஸ்தரு."

என் காதையே நம்ப முடியவில்லை. கார் வாங்கிய நாளிலிருந்து அந்த மனிதர் பெட்ரோல் விஷயத்தில் தெரியலை என்று சொன்னதில்லை.

"என் காலுக்குத்தான் எனக்குக் கணக்குத் தெரியும்," என்றார். "அந்தக் காலும் செத்துப்போச்சு. உன் காலு எவ்வளவு குடிக்கும்னு நான் எங்க கண்டேன்? ஒரு நாளாவது இப்படிப் பக்கத்துல உக்காந்து பாத்திருந்தாத்தான தெரியும்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை மாதமாக அவர் ஒத்துக்கொள்ளாத காலை, மேம்பாலத்தின் உச்சியில் கொண்டுவந்து என் மடியில் வைக்கிறார். நான் ஸ்டீரிங்கை விட முடியாது. கண்ணைத் துடைக்கவும் முடியாது. அப்படியே வழிய விட்டேன்.

முள்ளைப் பார்க்கவில்லை. என்ஜின் சத்தத்தைக் கேட்டேன். அது இழுத்துக்கொண்டிருந்ததே தவிர விக்கவில்லை. மூச்சு சீராகத்தான் இருந்தது.

"போவும்," என்றேன்.

"எப்படிச் சொல்லுத?"

"போவுங்க. பேசாம வாங்க."

உச்சியைத் தாண்டி இறக்கத்தில் விட்டதும் கார் தானாகவே போயிற்று. காற்று ஈரமாக முகத்தில் அடித்தது. தூரத்தில் பங்கின் வெளிச்சம், பகல் வந்தபிறகும் அணைக்க மறந்துபோய், வெளிறித் தெரிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஜெபம் பண்ணினார் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விட்டுவிட்டு வந்ததற்கும் சேர்த்துப் பண்ணியிருப்பார்.

நானாக நிறுத்தும்வரை என்ஜின் நிற்கவில்லை. பங்க்காரன் என் பக்க ஜன்னலுக்கு வந்தான். "கித்னே கா, மேடம்?" எவ்வளவுக்குப் போட என்று.

"டேங்க் ஃபுல்," என்றேன்.

"ஃபுல்லா? விக்கப் போற வண்டிக்கா?" என்றார் இவர், பாதி எழுந்து. பிறகு என் முகத்தைப் பார்த்தார். அது எப்படி இருந்ததோ தெரியாது. மறுபடி உட்கார்ந்து சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். "சரி, நிறைக்கட்டும்."

அதற்குப் பிறகு அவர் கியர் சொல்லவில்லை, கிலோமீட்டர் சொல்லவில்லை. ஃபரீதாபாத் போனது, பல்வல் போனது. வெயில் வந்தது, மறுபடி தூறல் போட்டது. இரண்டு பக்கமும் நெல் நட்ட வயல்களில் வானம் கிடந்தது. ஹோடல் தாண்டும்போது பேச்சுக் கொடுத்தேன். தூங்கிவிட்டிருந்தார். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. வலது கால் எதையும் மிதிக்காமல் கோணலாகக் கிடந்தது. பங்க்கிலிருந்து திருப்பி அனுப்பிய நாள்முதல் அவர் சரியாகத் தூங்கவே இல்லை.

கோசி வந்தது. கிரிராஜ் சொல்லியிருந்த இடது பக்கத் திருப்பமும் வந்தது. பெயர்ப் பலகை, டீக்கடை, கட்டிக்கிடக்கும் எருமைகள், எல்லாம் அவன் சொன்ன மாதிரியே இருந்தன. திரும்பினால் மண் ரோடு, குழி, அவர் எழுந்துவிடுவார். நான் நேராகப் போனேன்.

கொஞ்ச தூரத்தில் போன் அதிர்ந்தது. ஓரமாக நிறுத்தி எடுத்தேன்.

"மேடம்ஜி, கஹான் தக் பஹுன்ச்சே?" எதுவரை வந்திருக்கிறோம் என்று கேட்டான் கிரிராஜ்.

"ரஸ்தே மே ஹைன், பையா," என்று மெதுவாகச் சொன்னேன். வழியில்தான் இருந்தோம்.

"கித்னா டைம் லகேகா?" இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று.

திரும்பிப் பார்த்தேன். அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. முன்னால் இருந்த பச்சைப் பலகையில் ஆக்ரா என்று எழுதியிருந்தது.

"பதா நஹீன், பையா," தெரியவில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டு, அவர் எழுந்துவிடாதபடி க்ளட்சை மெல்ல விட்டேன்.